உருவினால் தீர்ந்ததா?

கத்தியோடு ஒருவன் பாய்ந்தால் துப்பாக்கியை உருவு. அமெரிக்காவில் இடுப்பில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு நடமாடுபவர்களுக்கும், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைப்பவர்களுக்கும் இது கேள்வி கேட்கக் கூடாத பாடம். வெறுங்கையால் கத்தியைத் தடுப்பது தற்காப்புக் கலைக்காரர்களின் சமாச்சாரம். அதற்கு வேறு நாள், வேறு கட்டணம், வேறு கட்டடம். இரண்டையும் ஒரே வகுப்பில் கலந்தால் குழப்பமும் ஆபத்தும்தான் மிஞ்சும் என்று அனுபவசாலிகளே அடித்துச் சொல்கிறார்கள். நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல இன்று உரிமமே தேவையில்லை. அதாவது, சட்டம் கேட்காத பயிற்சியைத் தானாகத் தேடிப்போகிற ஆளுக்கு வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்களோ அதுதான் கடைசிவரை அவருக்குத் துணை. அங்கே சொல்லித்தருவது தப்பு என்கிறேன்.

அவர்கள் தரப்பை முதலில் அவர்களே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிவிடுவோம். கத்தி உயிரை எடுக்கும் ஆயுதம். அதை ஏந்தியவனைச் சுடுவதை அமெரிக்கச் சட்டம் பெரும்பாலான சூழல்களில் தற்காப்பாகவே பார்க்கிறது. வெறுங்கையோடு கத்தியை எதிர்கொண்டவர் ஒரு கீறல்கூட இல்லாமல் மீள்வது அபூர்வம். பயிற்சிக்கூடங்களில் ரப்பர் கத்தியை வைத்துக் காட்டும் பிடுங்கும் வித்தைகளில் பாதி சினிமா. கையில் இருப்பதிலேயே வலிமையான ஆயுதம் இடுப்பில் இருக்கும்போது அதைவிட்டு மணிக்கட்டைப் பிடித்துத் தொங்குவானேன்? உயிர்போகும் நேரத்தில் மூளை நாலு வழிகளை எடைபோட்டுக்கொண்டிருக்காது. ஒரே வழியைக் கொடு, அதையே ஆயிரம் முறை செய்ய வை. தவிர, மல்லுக்கட்டும் கூடத்துக்குள் துப்பாக்கியை அனுமதித்தால் என்றாவது ஒருநாள் தோட்டா நிரம்பிய துப்பாக்கியும் உள்ளே வந்துவிடும். இவற்றில் எதுவும் முட்டாள்தனமான பேச்சு இல்லை. பாதி உண்மை என்பதால்தான் இந்தக் கருத்து இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது.

1. கணக்கு யார் பக்கம் நிற்கிறது? 1983-ல் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர், 'ஸ்வாட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நெருக்கம் என்றால் ஆபத்தான நெருக்கம் என்பது அவர் கேள்வி. பழகிய கை உறையிலிருந்து உருவி ஏழு கஜத்தில் சுட்டு இலக்கைத் தொட ஏறத்தாழ ஒன்றரை நொடி ஆகிறது; திடகாத்திரமான ஆள் அதே ஏழு கஜத்தை, அதாவது 21 அடியை, ஓடிக் கடக்கவும் ஏறத்தாழ ஒன்றரை நொடிதான். 1988-ல் காலிபர் பிரஸ் வெளியிட்ட காவலர் பயிற்சிப் படம் இதை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்க, '21 அடி விதி' பிறந்தது. டூலர் விதி எதையும் வகுக்கவில்லை. அவர் அளந்து காட்டியது ஒன்றைத்தான்: 21 அடி இருந்தாலும் துப்பாக்கிக்காரனுக்குச் சமநிலைதான், வெற்றி இல்லை. அதையே 'உருவினால் பிழைப்பாய்' என்பதற்குச் சான்றாக நாற்பது ஆண்டுகளாகக் காட்டிவருகிறார்கள். அதுவும் அந்தச் சோதனையில் நிற்பவருக்குத் தாக்குதல் வரப்போகிறது என்று தெரியும். கையும் உறையும் தயார். சட்டைக்கு அடியில் மறைந்த துப்பாக்கி, மனம் வேறெங்கோ இருக்கும் மாலை நேரம், இரண்டையும் கூட்டினால் ஒன்றரை நொடி நீளவே செய்யும். வாகன நிறுத்துமிடத்தில் வழி கேட்கும் சாக்கில் நெருங்குகிறவன் 21 அடிக்கு அப்பால் நின்று கத்தியைக் காட்டப்போவதில்லை. கை எட்டும் தூரத்துக்கு வந்தபின்தான் அது வெளியே வரும். அங்கே அவன் ஓடிக் கடக்கவேண்டிய தூரம் ஏதும் மிச்சமில்லை. உங்களுக்கு உருவ ஆகும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குள் குத்து ஒன்றோடு நிற்காது. 21 அடியில் சமன் என்றால் 3 அடியில் என்ன என்று கேட்டுப்பார்க்கக்கூட இந்த வகுப்புகளில் ஆள் இல்லை.

2. எந்தக் கையால் உருவுவதாக உத்தேசம்? இந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டுப்பார்க்க வேண்டும். இடுப்பின் முன்பக்கம் டி-ஷர்ட்டுக்குள் துப்பாக்கி இருக்கிறது. இடக்கை சட்டையின் ஓரத்தைக் கொத்தாகப் பிடித்து நெஞ்சுவரை சுருட்டி ஏற்ற வேண்டும். வலக்கை கீழே இறங்கிப் பிடியைத் தேட வேண்டும்; பிடித்ததும் முழங்கை பின்னால் மேலே எழும்ப, துப்பாக்கி உறையைவிட்டு நேராக மேலே வர வேண்டும். இதில் ஒரு கணம் உங்கள் இரு கைகளுமே உங்கள் சட்டையிலும் உங்கள் இடுப்பிலும் இருக்கின்றன. கத்தியின் மேல் ஒரு கைகூட இல்லை. கழுத்து, விலா, அடிவயிறு மூன்றும் திறந்து கிடக்கின்றன. காகித இலக்கின் முன்னால் இந்தக் கணத்துக்கு விலை கிடையாது, காகிதம் குத்தாது. எதிரில் நிற்கிற மனிதன் அந்தக் கணத்தில் இரண்டு காரியம் செய்யலாம்: குத்தலாம், அல்லது சும்மா இருக்கும் தன் இன்னொரு கையால் உங்கள் மணிக்கட்டைத் துப்பாக்கியோடு சேர்த்து இடுப்பிலேயே அமுக்கலாம். அமுக்கிவிட்டால் உங்கள் வலக்கை அங்கேயே சிறைபட்டது. அவன் கத்திக்கை சுதந்திரமாக இருக்கிறது. அத்தோடு, அதுவரை அவனுக்குத் தெரியாமலிருந்த துப்பாக்கி இப்போது சண்டையின் நடுவில் இருக்கிறது, யார் எடுக்கிறார்களோ அவருக்கு. எஃப்.பி.ஐ. ஆண்டுதோறும் திரட்டும் காவலர் கொலைத் தரவுகளில் சொந்த ஆயுதத்தாலேயே கொல்லப்பட்டவர்களுக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. வருடமெல்லாம் பயிற்சி எடுக்கும் காவலருக்கே இந்தக் கதி என்றால், வார இறுதி வகுப்புக்குப் போய்வந்தவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

3. சரி, உருவியும் ஆயிற்று, சுட்டும் ஆயிற்று என்றே வைத்துக்கொள்வோம். சண்டை அத்தோடு முடியும் என்று யார் சொன்னது? 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகளுக்கும் இரு கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில், ஆரம்பத்திலேயே பிழைக்கமுடியாத காயம் பட்ட கொள்ளையன் ஒருவன் விழாமல் தொடர்ந்து சுட்டான். ஏஜெண்டுகள் இருவர் மாண்டார்கள், ஐவர் காயமடைந்தார்கள். அதன் தொடர்ச்சியாக எழுந்த விவாதத்தில், 1989-ல் எஃப்.பி.ஐ. அகாடமியின் துப்பாக்கிப் பயிற்சிப் பிரிவு ஓர் அறிக்கை வெளியிட்டது. இதயமே சிதைந்துபோனாலும் மூளையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் ஒருவனை 10 முதல் 15 நொடிகள் வரை விருப்பப்படி இயங்க வைக்கும் என்கிறது அது. கத்தியோடு ஒட்டி நிற்பவனுக்கு 10 நொடி என்பது ஒரு யுகம். இன்னொன்றும் உண்டு. ஆட்டோமேட்டிக் என்று பொதுவாகச் சொல்லப்படும் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றின் குழல் முனையை எதிராளியின் உடம்பில் அழுத்தினால் ஸ்லைடு சில மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்துவிடும். விசையை எவ்வளவு இழுத்தாலும் வெடிக்காது. (ரிவால்வருக்கு இந்தச் சங்கடம் இல்லை, அதை இப்போது எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?) ஸ்லைடு சட்டைத் துணியில் சிக்கினால் முதல் தோட்டாவுக்குப்பின் அடுத்தது ஏறாமல் போகலாம். அவனைத் தள்ளப்போன உங்கள் இடக்கையே குழலுக்கு முன்னால் வந்து நிற்கலாம். ஆக, உருவுவதற்கு முன்னால் மட்டுமல்ல, உருவியபின்னும், சுட்டபின்னும்கூட வெறுங்கைக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையை எந்தச் சுடுதளமும் சொல்லித்தருவதில்லை.

4. இந்தப் பிரிவினையைச் செய்தது யார்? சண்டை செய்யவில்லை, வாடகைக் கட்டடம் செய்தது. அமெரிக்காவின் பொதுச் சுடுதளங்கள் பலவற்றில் உறையிலிருந்து உருவுவதற்கே தடை. துப்பாக்கியை மேசையில் வைத்து, எடுத்து, சுட்டு, மறுபடி மேசையில் வைக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் அது நியாயமான ஏற்பாடு. தற்காப்புக் கலைக்கூடத்திலோ துப்பாக்கி என்ற பேச்சே ஆகாது. அதற்கும் நியாயம் உண்டு. ஆனால் இந்த இரண்டு நியாயங்களும் சேர்ந்து உற்பத்தி செய்வது எப்படிப்பட்ட ஆளை? சுடத் தெரியும், உருவியதில்லை. மணிக்கட்டைப் பிடிக்கத் தெரியும், இடுப்பில் எதுவும் இல்லாமல் பிடித்தே பழக்கம். ஓட்டுநர் பள்ளி ஒன்று திங்கட்கிழமை ஸ்டியரிங்கையும் வியாழக்கிழமை பிரேக்கையும் தனித்தனியாகப் பழக்கிவிட்டு, இரண்டும் ரோட்டில் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்று சொன்னால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? எஃப்.பி.ஐ. தன் கைத்துப்பாக்கித் தகுதித் தேர்வை மூன்று கஜத்திலிருந்தே தொடங்கும்படி வைத்திருக்கிறது. நிஜமான மோதல்கள் கிட்டத்தில்தான் நடக்கின்றன என்ற புரிதலுக்கு அது அடையாளம். ஆனால் அந்த மூன்று கஜத்திலும் எதிரே நிற்பது காகிதம். தூரத்தைக் குறைத்தவர்கள் எதிராளியைச் சேர்க்கவில்லை.

5. எப்போது ஒரு கையை விடுவது? என் வாதம் முழுவதும் கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. கிட்டத்தில் பாயும் கத்தியைச் சமாளிக்க இன்று ஓரளவு நம்பத்தக்கதாக மிஞ்சியிருக்கும் முறை மல்யுத்தத்திலிருந்து வந்தது: கத்தி பிடித்த கையை உங்கள் இரண்டு கைகளாலும் பிடித்து, உங்கள் நெஞ்சோடு அணைத்து, உங்கள் தலையை அவன் தோளில் முட்டுக்கொடுத்து எடையைப் போடுவது. அழகான முறை இல்லை. அந்த முதல் சில குத்துகளின் இயந்திர வேகத்தை நிறுத்த இதைவிடத் தோதானதும் இல்லை. ஆனால் இரு கைகளும் அங்கே இருக்கும்வரை துப்பாக்கி இருந்தும் இல்லாததுபோலத்தான். ஒரு கையை விட்டால்தான் உருவமுடியும். அவசரப்பட்டு விட்டால் அவன் முழங்கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு மறுபடி குத்துவான். தாமதித்தால் உங்கள் கைகள் சோர்ந்துபோகும். உச்ச வலுவில் பிடித்திருக்க நிமிடக்கணக்கு தேவையில்லை, நொடிகள் போதும். அவன் கை சுவரோடு அல்லது தரையோடு அமுங்கிக்கிடக்கிறதா, அவன் இடுப்பு உங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பிவிட்டதா, ஒரே கையாலும் தலையாலும் அந்தப் பிடி தாங்குமா: இவை கண்ணால் பார்த்துத் தெரிவதைவிட உடம்பால் உணர்ந்து தெரிபவை. தாங்கும் என்றால் உருவலாம். உருவியதை நீட்டாமல் விலாவோடு ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். தாங்காது, ஆனால் தள்ளிவிட இடம் கிடைக்கிறது என்றால் தள்ளி, விலகி, அப்புறம் உருவலாம். விலகியபின் ஓட வழி இருந்தால் உருவாமலே ஓடலாம். இந்த முடிவைச் சுடுதளத்தில் எடுத்துப் பழகமுடியாது, அங்கே பிடிக்க ஆள் இல்லை. கலைக்கூடத்திலும் பழகமுடியாது, அங்கே உருவ எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் மட்டுமே இந்தக் கேள்வியே எழுகிறது. முன்னாள் காவல் அதிகாரியான கிரெய்க் டக்ளஸ் தன் ஷிவ்வொர்க்ஸ் வகுப்புகளில் தலைக்கவசம் போட்டு, வண்ணக் குப்பி தோட்டாக்கள் கொடுத்து, இருவரையும் உண்மையாகவே மல்லுக்கு விட்டு வருடக்கணக்கில் வலியுறுத்திவருவது இதைத்தான்: முதலில் பிடியும் நிலையும், அதன்பிறகே ஆயுதம். இப்படிப்பட்ட மோதலில் பிடி கிடைக்குமுன் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோகிறவர் துப்பாக்கியை எதிராளியிடம் கொடுக்கும் வாய்ப்பையும் சேர்த்தே திறந்துவிடுகிறார்.

இனி மறுதரப்பின் பதில்களுக்கு வருவோம். வழிகள் கூடினால் வேகம் குறையும் என்பதற்கு ஹிக் விதியைக் காட்டாத பயிற்சியாளர் குறைவு. 1952-ல் டபிள்யூ. ஈ. ஹிக் கண்டது, தேர்வுகள் கூடக்கூட எதிர்வினைக்கான நேரம் மடக்கை அளவில் கூடுகிறது என்பதை. மடக்கை என்றால் இரட்டிப்பு இரட்டிப்பாகக் கூடுவதில்லை. ஒன்று இரண்டாவதால் சேர்வது நொடியில் ஒரு சின்னப் பின்னம். நீண்ட பயிற்சி அந்த வித்தியாசத்தையும் அழித்துவிடும் என்று 1959-லேயே மவ்பிரேயும் ரோட்ஸும் காட்டிவிட்டார்கள். இதைவிட முக்கியமானது ஒன்று: இரண்டு வழிகளை உண்டாக்குவது பிரித்துக் கற்பிப்பதுதான். கையா, துப்பாக்கியா என்று திகைப்பவன் இரண்டையும் தனித்தனியாகக் கற்றவன். கை எட்டும் தூரத்தில் கத்தி வந்தால் முதலில் கை, பிடி அமைந்தால் அடுத்தது என்று ஒரே தொடராகக் கற்றவனுக்குத் தொடக்கத்தில் தேர்வே கிடையாது. ஹிக்கை யார் கூப்பிட்டாலும் அவர் இந்தப் பக்கம்தான் சாட்சி சொல்வார்.

பாதுகாப்பைப் பற்றிய அச்சத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயிற்சிக்குள் நிஜத் தோட்டா புகுந்து உயிர் போன சம்பவங்கள் அமெரிக்காவில் உண்டு. ஆனால் அது சுடமுடியாத பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கொண்டு பழகுவதற்கு எதிரான வாதமா? நிஜ ஆயுதம், நிஜத் தோட்டா, நிஜக் கத்தி எதுவும் கதவைத் தாண்டக் கூடாது. ஒவ்வொருவரையும் இருவர் தடவிப் பார்க்க வேண்டும். வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் மறுபடி தடவிப் பார்க்க வேண்டும். அசட்டையான நடத்தையால் வந்த சாவைக் காட்டி ஒரு பாடத்தையே தள்ளிவைப்பதானால், சுடுதளங்களைத்தான் முதலில் மூட வேண்டியிருக்கும்.

வெறுங்கையால் கத்தியைத் தடுக்கவே முடியாது, அப்புறம் எதற்கு அதில் நேரம் என்பவர்களின் பேச்சில் நேர்மை இருக்கிறது, தர்க்கம் இல்லை. தடுக்கமுடியாது என்றால் எப்படி உருவமுடியும்? தடுக்கப்படாத கத்தியின் நிழலில் உருவுவது அதைவிடக் கடினமான காரியம் அல்லவா? ஒன்று கடினம் என்பது மற்றொன்றை எளிதாக்கிவிடாது. சோதித்துப் பார்க்கச் செலவும் அதிகமில்லை: மழுங்கிய பயிற்சிக் கத்தியின் விளிம்பில் லிப்ஸ்டிக்கைத் தடவி, வெள்ளை பனியனோடு ஒருவரை நிறுத்தி, கை எட்டும் தூரத்தில் தொடங்கட்டும். உடனே உருவப்போனவரின் பனியனையும், முதலில் கையைப் பிடித்தவரின் பனியனையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் வாதம் அங்கேயே தெரிந்துவிடும். இருவருமே சிவந்திருப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்புதான் கனமானது. அமெரிக்கக் காவல்துறைத் தலைவர்களின் ஆய்வு அமைப்பான பெர்ஃப், 2015-ல் ஸ்காட்லாந்துக்கு ஆட்களை அனுப்பி, பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தாத காவலர்கள் கத்தி வைத்திருப்பவர்களை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தது. 2016-ல் வெளியிட்ட முப்பது கோட்பாடுகளில், 21 அடி விதியைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடச் சொன்னது; தூரம், மறைவு, நேரம் மூன்றையும் பயன்படுத்தச் சொன்னது. கலப்புப் பயிற்சி இதற்கு நேர்மாறாக ஒவ்வொரு கைகலப்பிலும் துப்பாக்கியை நுழைத்துவிடாதா? நுழைக்காது. துப்பாக்கி ஏற்கெனவே அங்கே, இடுப்பில், இருக்கிறது. அதை மறந்துபோகச் செய்யும் வசதி எந்தப் பயிற்சிக்கும் இல்லை. உருவுவது ஒன்றே தெரிந்தவன் பயந்த மாத்திரத்தில் உருவுகிறான். 21 அடி என்ற கோட்டை வரைந்துகொண்டு, தள்ளாடி நிற்கும் மனநோயாளியைக்கூட அந்தக் கோட்டுக்குள் வந்ததும் சுட்டுவிடுகிறான். கையில் இன்னொரு வித்தை இருப்பவனுக்குத்தான் பொறுத்திருக்கக் கொஞ்சமாவது தைரியம் வரும். தூரம் இருக்கும்போது தூரத்தைக் காப்பாற்று என்ற பெர்ஃபின் அறிவுரையோடு எனக்குச் சண்டை இல்லை. தூரம் போனபின் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை என்பதுதான் குறை.

கலப்புப் பயிற்சி என்ற பெயரில் இப்போது விற்கப்படுவதில் பெரும்பகுதியும் குப்பைதான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காணொளிகளில் பார்த்திருப்பீர்கள்: தாக்குபவன் ஒரே ஒரு குத்து குத்திவிட்டு, நீட்டிய கையோடு சிலையாக நின்றுவிடுவான். ஆசான் அந்தக் கையை முறுக்கி, தொண்டையில் ஒரு அடி, முழங்காலால் ஒரு அடி, பிறகு நிதானமாக உருவி மூன்று முறை 'சுடுவார்'. தாக்குபவன் கையைத் திரும்ப இழுக்கமாட்டான், இன்னொரு கையைப் பயன்படுத்தமாட்டான், துப்பாக்கியைக் கண்டதும் பிடுங்கமாட்டான். இரண்டு பொய்களை ஒட்டவைத்தால் உண்மை வந்துவிடாது. பிரித்துக் கற்பிப்பவர்கள் இந்தக் காணொளிகளைக் காட்டிச் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. அதையே காரணமாக்கிச் சுடுதளத்துக்குத் திரும்பிப்போவதில் இல்லை.

செய்யவேண்டியது அப்படியொன்றும் பெரிய சீர்திருத்தம் இல்லை, எந்தச் சட்டமும் மாற வேண்டாம். கலைக்கூடத்தில் கத்தித் தடுப்பு வகுப்புக்கு வருபவர் தினமும் அணியும் அதே சட்டைக்கு அடியில், அதே இடத்தில், அதே உறையில் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு வரட்டும். தாக்குபவருக்கு மூன்று உத்தரவு: குத்திய கையை ஒவ்வொரு முறையும் திரும்ப இழு, பிடிபட்டால் மறுகையால் சண்டைபோடு, இடுப்பில் இருப்பது தெரிந்தால் அதைப் பிடுங்கப் பார். எதிர்ப்பவருக்கு உருவியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். பிடித்துவைத்தாலும், விலகி ஓடினாலும் அன்றைய சுற்றில் அவர் தேறியவர்தான். சுடுதள உரிமையாளர்கள் கூடுதலாக ஒரு காரியம் செய்யலாம்: உருவிப் பழக வாரத்தில் ஒரு மணி நேரமாவது, ஒரு மேற்பார்வையாளரை வைத்து, ஒரு பாதையை ஒதுக்கலாம்.